தூக்க விடாத அந்த ஒரு கோணம்

பத்து கிலோ டம்பெல்லைக் கையில் தொங்கவிட்டு, முழங்கையை மெல்ல மடக்கிப் பாருங்கள். தொடக்கத்தில் லேசாக இருக்கும். முன்கை தரைக்கு இணையாக வரும்போது கனம் முழுசாகத் தெரியும். தோளை நெருங்கினால் மறுபடி இளகும். எடை மாறவில்லை. மூட்டுக்கும் எடை தொங்கும் கோட்டுக்கும் இடையிலான கிடைத்தூரம் மாறுகிறது, அவ்வளவுதான். முன்கை கிடையாக இருக்கையில் அது சுமார் 35 செ.மீ. பைசெப்ஸின் தசைநாரோ மூட்டிலிருந்து 4, 5 செ.மீ. தள்ளித்தான் எலும்பைப் பிடித்திருக்கிறது. அதனால் பத்து கிலோவுக்காகத் தசை 70 கிலோவுக்கு மேல் இழுக்கிறது.

எவ்வளவு தூக்குவோம் என்பதை நம் பலம் மிகக் குறைந்த கோணம்தான் முடிவு செய்கிறது. தென்மாவட்ட ஊர்களில் இளவட்டக்கல் தூக்குபவர்களுக்கு இது தெரியும்: முழங்கால்வரை வந்த கல் மார்புக்கு ஏறாமல் நின்றுவிடும். அந்த இடத்தில் பாரத்தை இளக்கி, பலமுள்ள இடத்தில் ஏற்றிக் கொடுத்தால் அதே ஆள் கூடுதல் எடையோடு பயிற்சி செய்யலாம். நல்ல உடற்பயிற்சிக் கருவி செய்வது இதைத்தான்.

இதற்கு எளிய வழி சங்கிலி. குளச்சல் பக்கம் படகுக்கு வாங்கும் 10 மி.மீ. இரும்புச் சங்கிலி மீட்டருக்கு ஏறத்தாழ 2.2 கிலோ. ஸ்குவாட் கம்பியின் இரு முனையிலும் மும்மூன்று சரமாகத் தொங்கவிட்டால், குந்தும்போது பெரும்பகுதி தரையில் குவிந்துகிடக்கும். 60 செ.மீ. எழுந்து நிற்கையில் சுமார் 8 கிலோ கூடிவிடும். நிமிர்ந்து நிற்கும்போதும் கடைசிக் கண்ணிகள் தரையைத் தொட வேண்டும். தொடாவிட்டால் சங்கிலி ஆடி, கம்பியையும் ஆளையும் பக்கவாட்டில் இழுக்கும்.

கருவியில் இதே வேலையைச் செய்வது கேம், அதாவது வட்டமில்லாத கப்பி. 1970-இல் அமெரிக்காவில் ஆர்தர் ஜோன்ஸ் கொண்டுவந்த கருவிகளில் இருந்த கேம், நாட்டிலஸ் என்ற கடலுயிரியின் ஓட்டைப்போல் சுருண்டிருந்ததால் அவற்றுக்கு அந்தப் பெயரே அமைந்தது.

கால் நீட்டும் கருவிக்குக் கேம் வரைய, முதலில் ஆளின் பலத்தை அளக்க வேண்டும். கருவியின் கையை, அதாவது கால் தள்ளும் தண்டை, நகராமல் கட்டி, இடையில் ஒரு டிஜிட்டல் கொக்கித் தராசை மாட்டுங்கள். முழங்கால் மடங்கிய கோணம் 90, 75, 60, 45, 30, 15 பாகை என ஒவ்வொன்றிலும் 3 விநாடி தள்ளச் சொல்லி, நடுவே 2 நிமிடம் ஓய்வு கொடுங்கள். தராசு காட்டும் கிலோவை 9.8-ஆலும், அந்தத் தண்டின் மீட்டர் நீளத்தாலும் பெருக்கினால் முறுக்குவிசை கிடைக்கும். 60 பாகையில் 120, 15 பாகையில் 60 நியூட்டன் மீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிக்கு அதில் பாதி போதும். கருவியின் எடைத்தகடுகளின் அடுக்கு 50 கிலோ என்றால் அதன் பாரம் 490 நியூட்டன். 60-ஐ 490-ஆல் வகுத்தால் 12 செ.மீ., 30-ஐ வகுத்தால் 6 செ.மீ. அந்தந்தக் கோணத்தில் கேமின் ஆரம் அதுதான்.

பட்டறைகளில் தவறு நேர்வது இங்கேதான். இந்த ஆரத்தை அச்சிலிருந்து கேமின் விளிம்புக்கு அளக்கக் கூடாது. கேபிள் போகும் நேர்கோட்டுக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். வட்டத்தில் இரண்டும் ஒன்று. கேமில் வேறு வேறு. நேரே இரும்புத் தகட்டை வெட்டாமல், 12 மி.மீ. பிளைவுட்டில் ஒன்று அறுத்து, கயிறு சுற்றி ஒவ்வொரு கோணத்திலும் அளந்து பார்த்துவிட்டு வெட்டுங்கள். கருவியின் அச்சும் முழங்கால் மூட்டும் ஒரே நேரில் இருப்பதும் முக்கியம். கணுக்காலில் அழுத்தும் மெத்தை, காலை நீட்டும்போது தோலில் மேலும் கீழும் வழுக்கினால் இருக்கையை நகர்த்த வேண்டும்.

அடுக்கில் எழுதிய எண்ணை வைத்து இரண்டு கருவிகளை ஒப்பிட முடியாது. நகரும் கப்பி ஒன்று நடுவில் இருந்தால் 80 கிலோ அடுக்கு கைக்கு 40 கிலோதான்; கை இரண்டு மடங்கு தூரம் இழுக்கும். வெட்டி இழுக்கும்போது அதன் நிலைமம் 20 கிலோ போலத்தான் எதிர்க்கும். அடுக்கு துள்ளாமல் வருவது இதனால். உராய்வு மட்டும் ஏமாற்றும்: 40 கிலோவில் பத்து விழுக்காடு உராய்வு என்றால் ஏற்றும்போது 44, இறக்கும்போது 36. தசை அதிகம் தாங்கக்கூடியது இறக்கும்போதுதான், பாரம் குறைவதும் அப்போதே. கப்பிக்குப் பால் பேரிங் போடுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

5 மி.மீ. கேபிளுக்குக் கப்பியின் விட்டம் 90 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது. சிறிய கப்பியில் மடங்கி மடங்கி உள் இழைகள் அறும். முட்டம், குளச்சல், சின்னமுட்டம் போன்ற கடலோரத்தில் இன்னொரு கேடும் உண்டு. கேபிளின் நைலான் உறை கொக்கிக்குப் பக்கத்தில் வெடித்தால் உப்புக்காற்று உள்ளே புகுந்து, வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை அடுக்கிலிருந்து பாரத்தை எடுத்துவிட்டு, கொக்கிக்கு அருகே 30 செ.மீ. நீளத்தைத் துணியால் பிடித்து மெல்ல வளைத்துத் தடவுங்கள். துணியில் ஓர் இழை குத்தினாலோ, உறை ஓரிடத்தில் உப்பியிருந்தாலோ, பழுப்பு நீர் கசிந்திருந்தாலோ அன்றைக்கே கருவியை நிறுத்தி, முழுக் கேபிளையும் மாற்றுங்கள். துண்டு வெட்டி ஒட்டுப்போட வேண்டாம்.