நேரடிப் பணப் பரிமாற்றமா, முதுமைப்படியா?

வயதானவர்களுக்கு மாதாமாதம் பணமாகவே கொடுக்கும் திட்டங்களை அறிக்கைகளிலும் செய்திகளிலும் 'நேரடிப் பணப் பரிமாற்றம்' என்று எழுதுகிறார்கள். இந்தத் தொடரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. பரிமாற்றம் என்றால் இரண்டு பக்கமும் ஏதாவது கைமாற வேண்டும். கருத்துப் பரிமாற்றம், பண்டப் பரிமாற்றம் எல்லாம் அப்படித்தான். இங்கே 70 வயது மூதாட்டி எதைத் திருப்பிக் கொடுக்கிறார்? ஒன்றுமில்லை. கொடுக்க வேண்டியதும் இல்லை. அவர் உழைத்துக் கொடுத்ததெல்லாம் முன்பே முடிந்துவிட்டது.

முதலில் பொருளைப் பார்ப்போம். அரசோ ஓர் அமைப்போ பொருளாகவோ பண்டமாகவோ தராமல், பணமாகவே, பெறுபவரின் கையிலோ கணக்கிலோ சேர்ப்பதுதான் இது. எதற்குச் செலவழிப்பது என்று முடிவு செய்கிறவர் பெறுபவர். சில திட்டங்களில் நிபந்தனை உண்டு: பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால், மருத்துவச் சோதனைக்கு வந்தால் என்று. முதியோர் திட்டங்கள் பெரும்பாலும் வயதையும் வறுமையையும் மட்டும் பார்ப்பவை. சில நாடுகளில் வயது ஒன்றுதான் கணக்கு. ஆப்பிரிக்க நாடான லெசோத்தோ 2004-இல் 70 வயதானவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியபோது அப்படித்தான் தொடங்கியது. நேபாளம் அதற்கு முன்பே, 1995-இல், 75 வயது என்று வைத்து மாதம் 100 நேபாள ரூபாயில் ஆரம்பித்தது.

பரிமாற்றம் பொருந்தாது. சரி, வேறு என்ன சொல்லலாம்? 'வழங்கல்' என்ற சொல் இருக்கிறது. வழங்கு என்ற வினைக்குக் கொடுத்தல் என்பதோடு இன்னொரு பழைய பொருளும் உண்டு: உலவுதல், நடமாடுதல். திருக்குறளில் 'வளிவழங்கு மல்லன்மா ஞாலம்' என்று வருவது, காற்று உலவும் உலகம் என்ற பொருளில். சொல் வழக்கு, பேச்சு வழக்கு என்று நாம் சொல்வதும் அந்த வேரில் வந்ததே. இந்தப் பணத்துக்கு இரண்டு பொருளும் ஒட்டுகின்றன. சிற்றூரில் ஒரு முதியவர் கைக்கு வந்த தொகை அவர் கையிலேயே தங்குவதில்லை. கடைப் பாக்கிக்குப் போகிறது, மருந்துக்குப் போகிறது, பேத்தியின் நோட்டுப் புத்தகத்துக்குப் போகிறது. அதனால் கொடுக்கும் முறையைக் குறிக்க 'நேரடிப் பண வழங்கல்' போதும் என்பது என் எண்ணம்.

ஆனால் கைக்கு வரும் தொகையை என்ன பெயரிட்டு அழைப்பது? மக்கள் வாயில் இருப்பது 'பென்சன்'. அது லத்தீனிலிருந்து வந்த சொல். நிறுத்தல், எடை போடுதல் என்ற பொருளுள்ள வினையில் பிறந்தது. உலோகத்தை நிறுத்துக் கொடுத்துக் கடன் தீர்த்த காலத்தின் சொல். அதற்கு நாம் வைத்திருக்கும் ஈடு ஓய்வூதியம். அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கு அழகான சொல்தான். வயலில் கூலிக்குப் போனவருக்கு? அவருக்கு ஓய்வு பெறும் நாள் என்று ஒன்று வந்ததே இல்லை; மாத ஊதியமும் இருந்ததில்லை.

ஊதியம் என்ற சொல்லின் பழைய பொருள் சம்பளம் அல்ல, இலாபம். 'முதலிலார்க்கு ஊதியமில்லை' என்கிறது குறள். போட்ட முதல் இல்லாதவனுக்கு வரும் இலாபமும் இல்லை. அடுத்து வருவது: 'மதலையாம் சார்பிலார்க்கு இல்லை நிலை'. மதலை என்றால் தாங்கும் தூண். நிலமோ சேமிப்போ இல்லாத முதுமைக்கு இந்தக் குறளைவிடத் துல்லியமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு வேண்டியது ஊதியம் அல்ல, மதலை.

வரலாறும் இதையே பிரித்துக் காட்டுகிறது. ஜெர்மனியில் 1889-இல் வந்த முதியோர் காப்பீடு, தொழிலாளியும் முதலாளியும் வாரந்தோறும் கட்டிய பணத்தைப் பெரிதும் நம்பியது. சம்பளம் இருந்தால்தான் கட்ட முடியும். டென்மார்க் 1891-லும் நியூசிலாந்து 1898-லும் எடுத்த வழி வேறு. வரிப்பணத்திலிருந்து ஏழை முதியவருக்குக் கொடுத்தார்கள். பிரிட்டனில் 1909 ஜனவரி 1 முதல் 70 வயது கடந்த ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை அஞ்சலகம் வழியாகக் கிடைத்தது. நாட்டுப்புற முதியவரைத் தொட்டது இந்த இரண்டாவது வழிதான்.

தொட்டபின் என்ன ஆனது? மெக்சிகோவில் 2007-இல், 2,500 பேருக்கு மேல் இல்லாத சிற்றூர்களில் தொடங்கி, 70 வயது நிறைந்தவர்களுக்கு மாதம் 500 பெசோ கொடுத்தார்கள். பின்னர் ஆய்ந்தபோது முதியவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்திருந்தன. கூலி வேலையிலிருந்து சிலர் விலகிக் குடும்பத் தொழிலுக்குத் திரும்பியிருந்தார்கள். மனச்சோர்வு குறைந்தது என்ற செய்தியில் நான் நின்றுவிட்டேன். பணம் வயிற்றை நிரப்பும் என்று எல்லோருக்கும் தெரியும். 'பிறர் தலையில் நான் பாரமாக இருக்கிறேன்' என்ற எண்ணத்தையும் அது இறக்கி வைக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் இன்னொன்று தெரிந்தது. அங்கே கறுப்பின முதியவர்களுக்கு 1944-இல் இத்தொகை வந்தது, வெள்ளையருக்கு வந்ததைவிடக் குறைவாக. 1990-களின் தொடக்கத்தில்தான் சமமாக்கினார்கள். அந்த உயர்வுக்குப் பின் பொருளியலறிஞர் எஸ்தர் டூஃப்ளோ செய்த ஆய்வில், பாட்டிக்குப் பணம் வந்த வீடுகளில் பேத்திகளின் உயரமும் எடையும் மேம்பட்டிருந்தன. தாத்தாவுக்கு வந்த வீடுகளில் அந்த மாற்றம் தெரியவில்லை. ஆக, வீட்டுக்குப் பணம் வருவது ஒன்று, அது யார் பெயரில் வருகிறது என்பது இன்னொன்று. 'நேரடி' என்ற சொல்லின் முழு எடையும் இங்கே இருக்கிறது. மகன் பெயரில் வந்தால் அது மூதாட்டிக்கு நேரடி ஆகாது. அப்புறம் இன்னொரு மாற்றம்: வருகிற தேதி தெரிந்த பணம் என்றால் கடைக்காரரும் நம்பிக் கடன் கொடுப்பார். ஒரே தடவையாக வரும் பெருந்தொகைக்கு இந்த நிதானம் கிடையாது.

அப்படியானால் நாள் தவறாமல் வருவது என்ற பொருளையும் தாங்கும் சொல் வேண்டும். அது தமிழில் கிடக்கிறது: படி. படி தானியம் அளக்கும் முகத்தல் கருவி. அளந்து கொடுத்த நாட்கூறு படி. அதற்கு ஈடாகக் கொடுத்த காசும் படி. பயணப்படி, அகவிலைப்படி என்று இன்றும் அலுவலகங்களில் வாழ்கிறது. லத்தீன்காரர் நிறுத்தார், நாம் அளந்தோம்.

பெரியபுராணத்தில் வரும் 'படிக்காசு' இதற்கு இன்னும் நெருக்கம். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அடியார்களுக்குச் சோறிட இறைவன் சம்பந்தருக்கும் நாவுக்கரசருக்கும் நாளுக்கு ஒரு காசு வைத்ததாகச் சொல்கிறது. படியில், அதாவது பீடத்தில் வைத்த காசு என்றும் கொள்ளலாம். நாட்படியான காசு என்றும் கொள்ளலாம். சம்பந்தருக்குக் கிடைத்த காசை மாற்றும்போது வட்டம், அதாவது கழிவு, பிடித்தார்கள். அந்தக் கழிவுக்குப் பெயர் வாசி. 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று அவர் பாடியது அதனால்தான்.

பஞ்சகாலத்தில் பணமாகவே உதவி, நாள் தவறாமல், இடையில் ஒரு கழிவு. இன்றைக்கும் வாசி தீரவில்லை. பணம் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் பிடித்துக்கொள்வது வாசி. உழைத்துத் தேய்ந்த விரல் ரேகையை இயந்திரம் ஏற்காமல் திருப்பி அனுப்ப, மறுபடி போகும் பயணச் செலவு வாசி. விலைவாசி ஏற ஏற அதே தொகை நிற்பது எல்லாவற்றிலும் பெரிய வாசி. அகவிலை என்றால் தானிய விலை. அது ஏறினால் ஊழியருக்கு அகவிலைப்படி ஏறுகிறது. முதியவருக்கு ஏறுவதாகப் பல திட்டங்களில் விதியே இல்லை. இந்தியாவில் ஏழை முதியோருக்கான தொகையில் நடுவண் அரசின் பங்கு 2006-இல் மாதம் 200 ரூபாயாகி, 80 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குப் பல ஆண்டுகள் அப்படியே நின்றது. மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

உதவித்தொகை என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, தவறும் இல்லை. ஆனால் அது மாணவருக்கும் பொது, ஒரு தடவை வரும் நிவாரணத்துக்கும் பொது. உதவி என்றவுடன் கொடுப்பவரின் கை மேலே போய்விடுகிறது. பயணப்படி வாங்கும் ஊழியர் தலை குனிவதில்லை. படி என்பது அளந்து வைத்த பங்கு. எனவே தொகைக்கு 'முதுமைப்படி', கொடுக்கும் முறைக்கு 'நேரடிப் பண வழங்கல்' என்று எழுதலாம் என்கிறேன்.

எழுதிப் பார்த்தால்: 'இந்த மாத முதுமைப்படி 5-ஆம் தேதி உங்கள் கணக்கில் சேரும்.' வீட்டில் பேசிப் பார்த்தால்: 'பாட்டி, படி வந்துடுச்சா?'