ஸ்ட்ரோக் என்றால் எந்த ஸ்ட்ரோக்?

மே மாதத்து மதியம். கட்டட வேலை செய்யும் ஒருவரை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். "வெயில்ல ஸ்ட்ரோக் ஆயிடுச்சு டாக்டர்" என்றார் கூட வந்த மேஸ்திரி. காலை 10 மணிக்கு வேலையிடத்தில் தடுமாறி உட்கார்ந்திருக்கிறார். சன் ஸ்ட்ரோக்தான் என்று நிழலில் படுக்கவைத்து, தலையில் தண்ணீர் ஊற்றி, மோரும் கொடுத்து, கொஞ்சம் தூங்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். எங்களிடம் வந்தபோது மணி 3.30. தொட்டுப் பார்த்தால் உடம்பில் சூடே இல்லை. வலது கையைத் தூக்க வரவில்லை, வாய் இடப்பக்கம் இழுத்திருந்தது, பேச முயன்றும் வார்த்தை வரவில்லை. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. ஊசி போட்டு, அடைத்திருக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் நேரம் கடந்துவிட்டிருந்தது.

அந்த மேஸ்திரி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் அக்கறையோடுதான் எல்லாம் செய்தார். அவரை வழி மாற்றிவிட்டது ஒரு சொல்.

ஸ்ட்ரோக் என்ற சொல்லை எத்தனை இடத்தில் கேட்கிறோம் பாருங்கள். பைக்கில் டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக். நீச்சலில் பட்டர்ஃப்ளை ஸ்ட்ரோக். ஓவியர் இழுக்கும் தூரிகைக் கோடு, கிரிக்கெட்டில் மட்டையாளர் ஆடும் அடி, கடிகாரம் மணியடிப்பது, எல்லாமே ஸ்ட்ரோக்தான். 1947 ஆகஸ்ட் 14 இரவு நேரு பேசிய பேச்சில் நள்ளிரவு மணி அடிப்பதைக் குறிக்க வந்ததும் இதே சொல். நாயின் முதுகை அன்பாகத் தடவிக் கொடுப்பதையும் ஆங்கிலத்தில் இப்படித்தான் சொல்கிறார்கள். அடிப்பதும் தடவுவதும் எப்படி ஒரே சொல்லுக்குள் வந்தன? அடி என்ற பொருளில் இது ஸ்ட்ரைக் என்ற வினையோடு ஒட்டியது. அந்த வினைக்குப் பழைய ஆங்கிலத்தில் மெல்லத் தடவுவது, வழித்துவிடுவது என்ற பொருளே இருந்தது. அடிப்பது என்ற பொருள் பிற்பாடு ஏறியது.

நோய்க்குப் பெயராக இது வந்த கதை வேறு. நின்றுகொண்டிருந்த மனிதர் திடீரென்று சாய்வதைப் பார்த்த கிரேக்கர்கள், 'அடித்து வீழ்த்தப்படுதல்' என்று பொருள்படும் அபொப்ளெக்ஸி என்ற சொல்லை வைத்தார்கள். ஆங்கிலேயர் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதைக் 'கடவுளின் கை அடித்த அடி' என்றே எழுதியிருக்கிறார்கள். கடவுள் உதிர்ந்துபோய் அடி மட்டும் மிஞ்சியது. 1658இல் யோஹான் யாகோப் வெப்ஃபர் என்ற சுவிஸ் மருத்துவர், இப்படி இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்த்து, உள்ளே ரத்தம் கசிந்திருந்ததை எழுதி வைத்தார். அதாவது, அடி வெளியிலிருந்து விழவில்லை. கோளாறு ரத்தக் குழாயில் இருந்தது. ஆனாலும் பெயர் மாறவில்லை.

நம் ஊர்ச் சொல்லும் லேசுப்பட்டதல்ல. பக்கவாதம் என்பதில் உள்ள வாதம், வாத பித்த கபத்தில் வரும் வாதம்; காற்று என்று பொருள். அதனாலேயே மூட்டு வலியையும் வாதம் என்கிறோம், முகம் மட்டும் கோணிக்கொள்ளும் முகவாதத்தையும் வாதம் என்கிறோம். வாதம்தானே, எண்ணெய் தேய்த்தால் போகும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. புறா ரத்தம் பூசிக்கொண்டு மூன்றாம் நாள் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு குழப்பம், "ஹார்ட்ல ஸ்ட்ரோக்". இதயத்தில் வருவது மாரடைப்பு. ஸ்ட்ரோக் மூளையில் வருவது. இரண்டும் அவசரம்தான். ஆனால் ஸ்ட்ரோக்குக்கு சி.டி. ஸ்கேன் உள்ள, அதற்கு உடனே சிகிச்சை தொடங்கக்கூடிய மருத்துவமனை வேண்டும். "நெஞ்சுல அட்டாக்" என்று நினைத்து வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினைக் கொடுத்துவிடுவார்கள். மூளையில் ரத்தக் கசிவாக இருந்தால் அது கெடுதல். கசிவா அடைப்பா என்று ஸ்கேன் பார்க்காமல் எங்களுக்கே தெரியாது. விழுங்கும் தசையும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அதனால் மோர், சோடா, தண்ணீர் எதுவும் வேண்டாம். புரை ஏறி நுரையீரலுக்குள் போய்விடும்.

வெயில் தாக்கத்தில் உடம்பு கொதிக்கும், 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும், புத்தி தடுமாறும். அங்கே நிழலும் ஈரத்துணியும் காற்றும் உயிர் காக்கும். மருத்துவமனைக்கும் போக வேண்டும். ஆனால் ஒரு பக்கக் கை மட்டும் திடீரென்று விழுந்தால், அதை வெயில் கணக்கில் எழுதாதீர்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். 108க்குப் பேசும்போது நோயின் பெயரைத் தேடாதீர்கள். கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது, கையைத் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே விழுகிறது, பேச்சு குழறுகிறது. இதில் ஒன்று திடீரென்று வந்தாலே போதும். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் வந்துவிடுங்கள். மினி ஸ்ட்ரோக் என்று அதற்குச் செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள், எனக்குப் பிடிக்காத பெயர். அடுத்த சில நாட்களில் பெரிதாக வரப்போவதற்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம்.

அப்புறம், நேரம். கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள்? கரைக்கும் ஊசிக்கு அதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கணக்கு. பெரிய குழாய் அடைபட்டிருந்தால், தொடை வழியாகக் கம்பி செலுத்திக் கட்டியை எடுக்க 6 மணி நேரம், சிலருக்கு மட்டும் 24 மணி நேரம் வரை. தூக்கத்தில் வந்திருந்தால், விழித்த நேரம் அல்ல, படுக்கப் போன நேரம்தான் கணக்கு.

போன மாதம் ஒரு மருமகள் மாமியாரோடு வந்தார். "6.10க்குப் பால்காரர்கிட்ட கணக்குப் பேசிட்டு இருந்தாங்க. 6.30க்கு டம்ளர் கையிலிருந்து நழுவிடுச்சு. எடுக்கச் சொன்னா இடது கை வரல." ஸ்ட்ரோக் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. 7.40க்கு ஊசி போட்டோம்.