பஞ்சமி நிலம்: சொந்தம்தான், ஆனால் நினைத்தவருக்கு விற்க முடியாது

'என் நிலம், யாருக்கு வேண்டுமானாலும் விற்பேன்' என்பதுதான் சொத்துரிமை பற்றி நம் ஊரில் உள்ள பொது எண்ணம். பஞ்சமி நிலத்தில், அதாவது அன்று ஒடுக்கப்பட்ட வகுப்பினர் எனப்பட்ட இன்றைய பட்டியல் சாதியினருக்கு அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலத்தில், இந்தப் பேச்சு எடுபடாது. பட்டா உங்கள் பேரில் இருக்கும், பயிர் வைக்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுப்போகலாம். ஆனால் பட்டியல் சாதியைச் சேராத ஒருவருக்கு எழுதிக் கொடுத்தால் அந்தக் கிரயம் செல்லாது.

இந்த ஏற்பாடு வெள்ளைக்காரன் காலத்தது. 1891-இல் செங்கல்பட்டின் பொறுப்பு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், அந்த மாவட்டப் பறையர்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். அங்கே அப்போது மிராசு முறை, அதாவது ஊர் நிலத்தின் மேல் சில குடும்பங்களுக்குப் பரம்பரை உரிமை. ஊரில் தரிசாகக் கிடக்கும் நிலத்துக்கும் முதல் பாத்தியதை மிராசுதாருக்குத்தான். சேரிக்காரர் ஒருவர் அந்தத் தரிசைக் கேட்டு அரசிடம் தர்காஸ்து (மனு) போட்டால், மிராசுதார் குறுக்கே நிற்பார். குடிசை போட்டிருக்கும் மனைகூட அவருடையது என்பதால், எதிர்த்துப் பேசினால் குடியிருப்புக்கே ஆபத்து. இந்த அறிக்கையைத் தொடர்ந்து ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒப்படைக்க 30-9-1892 தேதியிட்ட 1010-ஆம் எண் அரசாணை வந்தது. சென்னை மாகாணம் முழுவதும் இப்படிக் கொடுக்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது.

நிலத்தோடு நிபந்தனையும் சேர்ந்து வந்தது. முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் கொடுக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகு விற்கலாம், ஆனால் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டும். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், நஷ்டஈடு கிடையாது.

இது நியாயமா? விற்க விடாமல் தடுத்தால் அவர் எப்படி முழு உரிமையாளர் ஆவார், பக்கத்து நிலத்துக்குக் கிடைக்கும் விலை இவருக்கு ஏன் கிடைக்கக்கூடாது என்று கேட்கிறார்கள். கேள்வியில் பொருள் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் இந்த நிலங்கள் கைமாறிய விதத்தைப் பாருங்கள். கல்யாணச் செலவுக்கோ விதை நெல்லுக்கோ வாங்கிய கடன், வட்டி ஏறி, கடைசியில் பத்திரத்தில் கைநாட்டு. அங்கே 'விற்கும் சுதந்திரம்' யாருக்குப் பயன்பட்டது? என் கணக்கில் நிபந்தனை சரிதான். அதைக் காவல் காக்க வேண்டிய அலுவலகங்கள்தான் தூங்கிவிட்டன.

இதே மாதிரி பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஒப்படைத்த நிலத்தைக் காக்கக் கர்நாடகம் 1978-இல் தனிச் சட்டமே போட்டது. அந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1984-இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் இன்றுவரை பஞ்சமி நிலத்துக்குப் பிடிமானம் பழைய அரசாணையும் வருவாய் வாரிய நிலையாணையும்தான். 1994-இல் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் நிலமீட்புப் போராட்டம் வெடித்தது, துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள். பிற்பாடு சென்னை உயர் நீதிமன்றமும் நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாது என்றது.

சரி, மனை வாங்கப் போகிறவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? வில்லங்கச் சான்றை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். அதில் பதிவான பத்திரங்கள்தான் வரும், நிலம் அரசிடமிருந்து எந்த நிபந்தனையில் வந்தது என்பது வராது. அதற்கு வருவாய்த் துறைப் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். ஊர் நிலங்களைச் சர்வே எண் வாரியாகக் காட்டும் 'அ' பதிவேட்டில், சர்வே எண்ணுக்கு நேரே குறிப்புக் கலத்தில் 'டி.சி.' (ஒடுக்கப்பட்ட வகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம்) என்றோ 'நிபந்தனை' என்றோ இருக்கிறதா பாருங்கள். இன்றைய பதிவேட்டில் இல்லை என்றால் அதோடு விடாதீர்கள். 1980-களில் நடந்த யுடிஆர் திட்டத்தில் பதிவேடுகளைப் புதிதாக எழுதியபோது பல ஊர்களில் இந்தக் குறிப்பு விடுபட்டுப்போயிருக்கிறது. அதனால் யுடிஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். நீங்கள் ஐந்தாவது ஆளாக வாங்கினாலும், வங்கி கடன் கொடுத்திருந்தாலும் நிபந்தனை நிபந்தனைதான்.

நிலத்தை இழந்த குடும்பத்தாரும் இதே பழைய பதிவேட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த நகலோடு மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ மனு கொடுக்கலாம். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். நிலத்தை மீட்டால், அசல் குடும்பத்தின் வாரிசுக்கோ, அதே ஊரில் நிலமற்ற பட்டியல் சாதிக் குடும்பத்துக்கோ ஒப்படைக்கச் சொல்லி மனுவிலேயே கேட்டுவிடுவது நல்லது. அரசு திரும்ப எடுத்தது என்பதாலேயே நிலம் தானாக உங்கள் கைக்கு வந்துவிடாது.