அலுமினியப் படகில் ‘பாடி எர்த்’ வேண்டாம்

கார், லாரி வயரிங்கில் பழகிய கை, அலுமினியப் படகிலும் பாசிட்டிவுக்கு மட்டும் வயர் இழுத்து, நெகட்டிவை அருகிலுள்ள உலோகத்தில் திருகிவிடப் பார்க்கிறது. தரையில் ஓடும் வண்டிக்கு இந்த ‘பாடி எர்த்’ முறை சரி. உப்புநீரில் மிதக்கும் உடலில் ஒவ்வொரு கருவிக்கும் திரும்பிவரும் நெகட்டிவ் வயர் தனியாக இருந்தே ஆக வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் ‘டின்னி’ என்று அழைக்கப்படும் சிறு அலுமினியப் படகுகளைப் பழுதுபார்க்கும் என்னிடம், எப்போதும் நீரிலேயே கட்டிவைக்கப்பட்டிருந்த ஒரு படகு, பின்பகுதியில் வெள்ளைப் பொடி பூத்த குழிகளோடு வந்தது. தகடு தரமற்றது என்றே உரிமையாளர் நம்பியிருந்தார். பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் படகின் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தபோது சில வோல்ட் காட்டியது. அடித்தளத்து நீரை இறைக்கும் பம்புக்குச் சென்ற பாசிட்டிவ் வயர், ரப்பர் வளையம் இல்லாத ஒரு துளையின் விளிம்பில் உரசித் தோல் தேய்ந்து, உப்புப் படிவின் வழியாக உடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. உடலுக்கும் நெகட்டிவுக்கும் உறுதியான இணைப்பு இல்லாததால் ஃபியூஸ் போகவில்லை. மாறாக, கசிந்த மின்சாரம் உடலிலிருந்து கடல்நீருக்குள் இறங்கி, வெளிப்புற எஞ்சினின் நீருக்குள் மூழ்கியிருக்கும் கால் பகுதி வழியே பேட்டரிக்குத் திரும்பியது. உலோகம் கரைவது மின்னோட்டம் அதை விட்டு நீருக்குள் வெளியேறும் இடத்தில்தான்.

ஒரு ஆம்பியர் ஓராண்டு முழுவதும் இப்படிப் பாய்ந்தால் கணக்குப்படி சுமார் 2.9 கிலோ அலுமினியம் கரையும். 10 மில்லி ஆம்பியருக்கு 29 கிராம்தான். ஆனால் 3 மி.மீ. தகட்டில் 1 செ.மீ. அகலத் துளை விழ ஒரு கிராம் கூடத் தேவையில்லை. பெயின்ட் நன்றாக இருக்கும் படகில் மின்னோட்டம் முழுவதும் கீறல்களில் குவிவதால் அங்கே இன்னும் விரைவாகத் துளைபடும்.

ஆகவே இத்தகைய சிறு படகுகளில், உடலை நெகட்டிவோடு ஒரே ஓர் இடத்தில், கருவிகளின் மின்சாரம் அதன் வழியே செல்லாதபடி, உறுதியாக இணைக்கிறேன். பாசிட்டிவ் வயர் உடலில் பட்டால் ஃபியூஸ் போய்விடும். கரையிலிருந்து 230 வோல்ட் எடுப்பவர்கள், அரிப்புக்குப் பயந்து எர்த் வயரை ஒருபோதும் துண்டித்துவிடக் கூடாது, அது உயிரைக் காப்பது; பக்கத்துப் படகுகளோடு அந்த வயர் வழியே ஏற்படும் தொடர்பை முறிக்கத் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது.

கசிவைக் கண்டறிய, எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, இடையில் மில்லி ஆம்பியர் அளவில் மீட்டரை வையுங்கள். ரேடியோவின் நினைவகம் போல எப்போதும் சிறிது மின்சாரம் எடுப்பவற்றைக் கழித்த பிறகும் ஏதேனும் காட்டினால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். மீட்டர் அப்படி இருக்கும்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் மீட்டர் பழுதாகிவிடும்.

வயரிங் முடிந்ததும், வெட்டிப் போட்ட செப்புத் துணுக்குகளை அடித்தளத்திலிருந்து ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுங்கள். பேட்டரியே இல்லாவிட்டாலும், உப்புநீரில் கிடக்கும் செம்பு தன்னைத் தொடும் அலுமினியத்தை அரித்துவிடும்.