“என்ன சாப்பிட்டே?” என்று கேட்காதீர்கள்

அமெரிக்காவில் குழந்தைகள் நீரிழிவுப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். கோடை விடுமுறையில் ஒரு வாரம், டைப் 1 நீரிழிவு, அதாவது உடம்பில் இன்சுலின் சுரப்பு நின்றுபோய் வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டிய நோய், உள்ள பிள்ளைகளுக்கான முகாமுக்கு கவுன்சிலராகப் போவேன். மருத்துவமனையில் அரை மணி நேரம் பார்த்து அனுப்பிவிடும் பிள்ளைகளோடு அங்கே ஒரே குடிலில் தூங்கி, ஒரே மேசையில் சாப்பிடவேண்டும்.

இத்தகைய முகாம்களுக்கு ஏறக்குறைய நூறு வயது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன்பு இந்த நோய் வந்த குழந்தைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுக்குள் இறந்துபோனார்கள். மூன்றே ஆண்டில், 1925இல், மிச்சிகனில் டாக்டர் லெனார்ட் வெண்ட் இவர்களுக்காக ஒரு கோடை முகாம் தொடங்கிவிட்டார்.

முகாமில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் சாப்பாட்டுக்கு முந்தைய பத்து நிமிடம். அறுபது எழுபது பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள். தட்டில் இருப்பதில் எத்தனை கிராம் மாவுச்சத்து என்று கணக்குப் போட்டு இன்சுலின் எடுத்துக்கொள்வார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. பள்ளியில் தினமும் வகுப்பைவிட்டுத் தனியாக நர்ஸ் அறைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள். எட்டு வருடமாக அம்மா கையால் மட்டும் ஊசி போட்டுக்கொண்ட ஒரு சிறுமி, பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் தானாகவே வயிற்றில் போட்டுக்கொண்டாள். நான் எதுவும் சொல்லித்தரவில்லை.

கவலை தரும் நேரம் இரவு. பகல் முழுக்க நீச்சல், ஓட்டம், மரம் ஏறுதல். அப்படி ஆடிய உடம்பில் பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்கும். அதனால்தான் முகாம் மருத்துவர்கள் முதல் நாளே பல பிள்ளைகளுக்கு இன்சுலின் அளவைக் குறைத்துவிடுவார்கள். அப்படியும் இரவு 2 மணிக்கு டார்ச் லைட்டோடு கட்டில் கட்டிலாகப் போய்ப் பார்ப்போம். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது சுமார் அரை கப் ஜூஸ். 15 நிமிடம் காத்திருந்து மறுபடி பார்க்கவேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. அதற்கு, சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் குளுக்ககான் மருந்து தயாராக இருக்கும்.

ஓர் இரவு பதினொரு வயதுப் பெண்ணுக்கு 54. ஜூஸைக் குடித்துக்கொண்டே அவள் கேட்டாள்: “இதை அம்மாகிட்ட சொல்லுவீங்களா?”

உடம்பு நடுங்கிக்கொண்டிருக்கும்போதும் அவள் பயந்தது திட்டுக்குத்தான்.

நானும் அப்படிப் பயமுறுத்தியவள்தான். முகாமுக்குப் போன முதல் வருடம் ஒரு பையனுக்குச் சர்க்கரை ஏறியிருந்தபோது, “என்ன சாப்பிட்டே?” என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு குறிப்பேட்டில் அவன் எழுதியதெல்லாம் 130, 140. மீட்டரின் நினைவகத்தைப் பார்த்தால் 320. பிள்ளை பொய் சொன்னான் என்று அதைச் சுருக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. சர்க்கரை ஏறினால் வீட்டில் அன்றைக்கு யாரும் பேசமாட்டார்கள் என்று அப்புறம்தான் சொன்னான். வளர்கிற வயது, காய்ச்சல், பதற்றம், இன்சுலின் செலுத்தும் பம்பின் குழாய் மடங்கிப்போவது என்று சர்க்கரை ஏற எத்தனையோ காரணம் உண்டு. இப்போதெல்லாம் நான் சொல்வது இவ்வளவுதான்: “சரி, பார்த்துட்டோம். கீட்டோன் பார்க்கலாம், தண்ணி குடி, எவ்வளவு இன்சுலின்னு டாக்டர்கிட்ட கேட்போம்.” (கீட்டோன் என்பது இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் அமிலப் பொருள்.) மறைக்கப்பட்ட 320தான் ஆபத்தானது. காட்டப்பட்ட 320க்கு மருந்து இருக்கிறது.

நம் வீடுகளில் இந்த மறைத்தல் இன்னும் ஆழமாகப் போகிறது. ஒரு தமிழ் அம்மா முகாமில் மகளை விட்டுவிட்டுப் போகும்போது என்னைத் தனியாக அழைத்து, “அக்கா, இங்க இருக்கிற நம்ம ஆளுங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, நாளைக்கு இவளுக்குக் கல்யாணம்னு ஒண்ணு இருக்கே” என்றார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பெண் மயங்கி விழும்போது பக்கத்தில் இருப்பது அவள் தோழியாகத்தான் இருக்கும். அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டாமா?

இதையும் சொல்லிவிடுகிறேன். டைப் 1 இனிப்புத் தின்றதால் வருவதில்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. எந்தக் கஷாயத்தை நம்பியும் இன்சுலினை நிறுத்தாதீர்கள், உயிர் போய்விடும். குழந்தை ஓயாமல் தண்ணீர் குடித்தால், அடிக்கடி சிறுநீர் போனால், விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வந்தால், எடை இறங்கினால் அன்றே சர்க்கரை பாருங்கள். இவற்றோடு வாந்தி, வயிற்றுவலி, வேகமாக மூச்சு வாங்குவது சேர்ந்தால் நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அந்த 54 பெண்ணிடம், பெற்றோருக்குத் தெரியவேண்டும், ஆனால் நீ எப்படிச் சமாளித்தாய் என்பதையும் சேர்த்துத்தான் சொல்வேன் என்றேன். பதினைந்து நிமிடம் கழித்து 92. நான் கேட்பதற்கு முன்பே மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.