பெட்டியில் 1200, போர்ட்டில் 480

காரைக்குடியில் எங்கள் சர்வீஸ் கடைக்கு வைஃபை டாங்கிளோடு (கணினியின் யூஎஸ்பி போர்ட்டில் செருகி வைஃபை பிடிக்கும் சின்னக் கருவி) வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஏசி 1200னு போட்டிருக்கு, வேகம் 300க்கு மேல ஏற மாட்டேங்குதே?"

ஏசி என்பது வைஃபையின் ஒரு தலைமுறைக்குப் பெயர். அந்த 1200, 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளின் வேகத்தையும் (300, 867 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு இத்தனை மெகாபிட்) கூட்டித் தோராயமாக்கியது. டாங்கிள் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இணையும். அது யூஎஸ்பி 2.0 டாங்கிளாக இருந்தால் போர்ட்டின் உச்சமே 480தான். தகவல் பரிமாற்றத்தின் சடங்கு சம்பிரதாயமெல்லாம் போகக் கைக்கு வருவது 300 சொச்சம். 3.0 என்றால் 5000 வரை போகும், அங்கே தடை இல்லை.

பெட்டியில் 'யூஎஸ்பி 3.0 கம்பாட்டிபிள்' என்றிருந்தால் ஏமாற வேண்டாம். 3.0 போர்ட்டில் செருகினால் வேலை செய்யும், அவ்வளவுதான் அர்த்தம். முனையின் நீல நிறமும் உறுதியான அடையாளம் இல்லை. செருகும் முனைக்குள் எட்டிப் பாருங்கள்: நான்கு தகடுகள் மட்டும் இருந்தால் 2.0, உள்ளே தள்ளி இன்னும் ஐந்து தெரிந்தால் 3.0.

செருகிய பிறகு என்றால் கணினியையே கேட்டுவிடலாம். லினக்ஸில் 'எல்எஸ்யூஎஸ்பி -டி' (lsusb -t) கட்டளை, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 12, 480, 5000 என்று வேகத்தைக் காட்டும். விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் யூஎஸ்பிவியூ (USBView) என்ற கருவி இருக்கிறது. அதில் 'பிசிடியூஎஸ்பி' (bcdUSB, சாதனம் தன் யூஎஸ்பி பதிப்பு என்று சொல்லிக்கொள்ளும் எண்) என்ற இடத்தில் 2.00 என்றிருந்தால் 480 என்று முடிவு கட்டாதீர்கள். 12 எம்பிபிஎஸ் சாதனமும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். 2.10 என்றிருந்தால் பெரும்பாலும் அது 3.0 சாதனம், 2.0 வேகத்தில் இணைந்திருக்கிறது. போர்ட்டையோ எக்ஸ்டென்ஷன் கேபிளையோ மாற்றிப் பாருங்கள். சில டாங்கிள்களில் டிரைவரே (அதை இயக்கும் மென்பொருள்) வேண்டுமென்று 2.0-இல் நிறுத்தி வைத்திருக்கும். காரணம், 3.0 ஓடும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கும்.

சரி, இவ்வளவும் நமக்குத் தேவையா? நம் காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் ரவுட்டர் வாசல் பக்க முகப்பில் இருக்கும், கணினி பின்னால் இரண்டாங்கட்டில் இருக்கும். நடுவில் வளவும் (முற்றத்தைச் சுற்றிய பகுதி) அந்தக் காலத்துத் தடித்த சுவர்களும். 5 கிகாஹெர்ட்ஸ் அவ்வளவு தூரம் வந்து சேர்வது கஷ்டம், 2.4-தான் கிடைக்கும், அதுவும் தேய்ந்துபோய். அங்கே 3.0 டாங்கிள் வாங்கி ஒன்றும் ஆகப்போவதில்லை. வாங்கியிருக்கும் இணைப்பே 100 எம்பிபிஎஸ் என்றால் 2.0 தாராளம். மிச்சக் காசில் முகப்பிலிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள்.