ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? மலத்தின் நிறத்தைப் பாருங்கள்

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், வால்வு மாற்றியவர்கள், பக்கவாதம் வந்து மீண்டவர்கள் எனப் பலர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் ஒரு வகை. வார்ஃபரின், அசிட்ரோம், டாபிகாட்ரான், அபிக்சபான் இன்னொரு வகை. மூக்கிலோ ஈறிலோ ரத்தம் வந்தால் உடனே பதறிப்போய் வருவார்கள். குடல் நோய் மருத்துவராக என் கவலையெல்லாம் உள்ளே சத்தமில்லாமல் கசியும் ரத்தத்தைப் பற்றித்தான்.

"வயிறு வலிக்கவே இல்லையே டாக்டர், எப்படிப் புண் வந்திருக்கும்?" என்று எண்டோஸ்கோப்பி செய்த பிறகும் கேட்பார்கள். வலியே இல்லாமல் புண் வரலாம், வயதானவர்களுக்குக் குறிப்பாக. இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காக்க புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் வேண்டும். ஆஸ்பிரின் அதைக் குறைத்துவிடும். 75 மில்லிகிராம்தானே, மேலே பூச்சு வேறு இருக்கிறதே என்று இருந்துவிட முடியாது. ரத்தத்தில் கலந்த பிறகும் மருந்து இரைப்பையில் அதே வேலையைத்தான் செய்கிறது. வார்ஃபரின் போன்றவை பொதுவாகப் புண்ணை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் சின்னப் புண்ணில் கசிவை நிற்கவிடாது.

வருபவர்களின் மாத்திரைப் பையை மேசையில் கொட்டிப் பார்ப்பது என் வழக்கம். இதய மருத்துவர் எழுதியதெல்லாம் ஒழுங்காக இருக்கும். அடியில், சீட்டில் இல்லாத டைக்ளோபெனாக் அட்டை ஒன்று பாதி கிழிந்து கிடக்கும். முட்டி வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கியது. "அது சும்மா வலி மாத்திரைதானே" என்பார்கள். ஆஸ்பிரினோடும் வார்ஃபரினோடும் சேரும்போது ரத்தக்கசிவு அபாயத்தைப் பல மடங்கு கூட்டுவது அந்த மாத்திரைதான். வயிற்றுப்போக்குக்கு நீங்களாக வாங்கும் மெட்ரோனிடசோலும் அப்படித்தான், வார்ஃபரினின் வேகத்தை ஏற்றிவிடும். கடையில் எதை வாங்கினாலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள்.

சரி, உள்ளே ரத்தம் கசிகிறதா என்று தெரிய எதைக் கவனிப்பது? தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, வழக்கமில்லாத நாற்றத்தோடு மலம் போவதை. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் இப்படி ஒட்டாது, இந்த நாற்றமும் இருக்காது. சந்தேகமாக இருந்தால் காட்டிவிடுங்கள். காரணமில்லாமல் படியேறும்போது மூச்சு வாங்கினால் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். வார்ஃபரின் சாப்பிடுபவருக்குத் திடீரென வயிற்று வலியும் வாந்தியும் வந்தால், அரிதாக, சிறுகுடல் சுவருக்குள்ளேயே ரத்தம் கட்டியிருக்கலாம், ஸ்கேனில் தெரிந்துவிடும்.

கறுப்பைப் பார்த்த பயத்தில் மாத்திரையை நீங்களே நிறுத்திவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பே வரலாம், உலோக வால்வில் ரத்தக்கட்டி சேரலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்த வேளையைப் போடுவதா வேண்டாமா என்பதை அங்கே முடிவு செய்யட்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை வேண்டுமா என்றும் கேளுங்கள். குளோபிடோக்ரல் சாப்பிடுபவர்களுக்கு ஒமெப்ரசோலைத் தவிர்த்துப் பான்டோப்ரசோல் தருவோம்.

அப்புறம், சிவப்பாக ரத்தம் போனால் "பைல்ஸாக இருக்கும், இல்லாவிட்டால் இந்த மாத்திரையால்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். பெருங்குடலில் வளரும் கட்டி, இந்த மருந்தினால் சீக்கிரமே கசிந்து தன்னைக் காட்டிக்கொடுப்பது உண்டு. அதனால்தான் பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்யச் சொல்கிறோம். தள்ளிப்போடாமல் வந்தவர்களில் பலருக்குக் கட்டியைப் பரவும் முன்பே எடுத்துவிட முடிகிறது.